யாரெல்லாம் ‘நாம’?

அத்தியாயம் 17

நாத்தனாரை விமான நிலையத்திலிருந்து கிளம்பிய டாக்சிக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டேன் என்று சென்ற வாரம் பல பேருக்குக் கோபம். கவலையை விடுங்கள். டாக்சி ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தது. பெட்டிகள் மாடி ஏறின. நாத்தனார் தம்பி வீட்டு முன்னறையில் விடிய விடியக் குறட்டை விட்டுத் தூங்கி, தெம்பாக எழுந்தும் விட்டார். தூங்காமல் கிடந்தது கைடம்மா மட்டும்தான்.

இந்த வாரம்தான் கதைக்குள் காலடி எடுத்து வைக்கிறவர்களுக்கு நாலு வரி. கைடம்மா பழைய அரண்மனையில் சுற்றுலா வழிகாட்டி. வாயிற்காவலர் வைத்த பெயர் அது, வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் கணவனுக்கு அரண்மனை மதிலை ஒட்டி மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணாடி எப்போது தயாராகும்? “பாக்கலாம்.” பவர் ஏறியிருக்குமா? “பாக்கலாம்.” கண்ணாடிக்கடைக்காரன் வாயில் வேறு எந்த வார்த்தை வரும் என்று ஊரே சிரித்து, அவனுக்கு ‘பாக்கலாம்’ என்றே பெயர் வைத்துவிட்டது. நாத்தனார் அவனுடைய ஒரே அக்கா. கடல் தாண்டி ஒரு பெரிய நகரத்தில் மூன்று கண்ணாடிக் கடைகளைத் தனி ஆளாகக் கட்டி ஆள்கிறவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

டாக்சியில் அவர் சொன்னது இவ்வளவுதான். “அங்க கடைக்கு மேலேயே உனக்கு வீடு பாத்துட்டேன்டா. நல்ல காத்து. லிஃப்ட் இருக்கு.”

முன்சீட்டில் இருந்த பாக்கலாம் டாக்சியின் கண்ணாடி வழியாகப் பின்சீட்டு மனைவியைப் பார்த்தான். பிறகு ரொம்ப அக்கறையாக ரோட்டைப் பார்த்தான். வண்டி ஓட்டியது டிரைவர். இவனுக்கு ரோட்டில் என்ன வேலை?

மூக்குக்கண்ணாடியை எந்த ஊரிலும் விற்கலாம். அரண்மனையை எந்தப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போவது? கைடம்மாவின் பயம் அதுதான், வேறு ஒன்றுமில்லை. அந்த ஊரில் அவள் கடைக்கு மேலே குடியிருக்கிற ஒரு பெண். இந்த ஊரில், அவள் குடையை உயர்த்திப் பிடித்தால் ஒரு கூட்டமே பின்னால் வரும்.

காலையில் டீயை ஊதிக்கொண்டே நாத்தனார் ஆரம்பித்தார்.

“இந்த ஊர்ல பொறந்து வளந்தவ நான். அரண்மனைக்குள்ள ஒரு நாள் காலடி வெச்சதில்லை. இன்னைக்குப் பாத்தே ஆகணும்.”

“இன்னைக்கேவா அக்கா? நேத்துதானே வந்தீங்க. ரெஸ்ட் எடுங்க.”

“ரெஸ்ட் எடுக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? இன்னைக்கே. எல்லாத்தையும். ஒரு ரூமு விடாம.”

உள்ளூர்க்காரர்கள் யாரும் அரண்மனையைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு அது பஸ் நிற்கிற இடத்தின் பெயர். ‘அரண்மனை இறங்கு, அரண்மனை இறங்கு’ என்று கண்டக்டர் கத்துவார், இவர்கள் இறங்கி எதிர்ப்பக்கம் நடந்து போவார்கள்.

பாக்கலாம் ஷூ லேசைக் கட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னான். “நாங்க உன் குரூப்போடயே வந்துடறோம்.”

கைடம்மா கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது.

இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். சொல்கிறேன். அவள் வேலையில் சேர்ந்த முதல் நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் விஷயமே இதுதான்: வந்தவர்களிடம் ‘நாங்க’ என்று சொல்லவே கூடாது. ‘நாங்க இந்த மண்டபத்துக்கு வெள்ளை அடிச்சிருக்கோம்’ என்றால் வந்தவன் வாசலிலேயே நின்றுவிடுவான். ‘நாம இப்ப மண்டபத்துக்குள்ள போறோம்’ என்றால் தானும் அந்த வீட்டு ஆள் மாதிரி உள்ளே வருவான். காசு கொடுத்து வந்த கண்டவனுக்கெல்லாம் நாள் முழுக்க ‘நாம’ என்று வாரி வழங்குகிறவள் அவள். அந்தச் சின்ன வித்தியாசம் அவள் காதில் ஊசி மாதிரி ஏறும்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து வருவதை அவன் வேறு எப்படித்தான் சொல்வான்? நியாயமான கேள்வி. அவளும் அதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சமாதானம்தான் ஆகவில்லை.

நாத்தனார் புடவை மாற்ற உள்ளே போனதும் கேட்டாள். “என்னங்க, அக்கா ஏதோ வீடு பாத்திருக்கறதா சொன்னாங்களே?”

“ம்.”

“ம்-னா?”

“பாக்கலாம்.”



அரண்மனை வாசலில் காவலர் வாயெல்லாம் பல்லாக நின்றார். “என்ன கைடம்மா, இன்னைக்கு வீட்டுக்காரரையும் ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்க?”

“டிக்கெட் வாங்கிட்டுத்தான் வந்திருக்கார். மத்தவங்க மாதிரிதான்.”

வேலை நேரத்தில் அவளுக்குச் சொந்தபந்தம் கிடையாது. காலைக் கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் ஒட்டியது போலவே புருஷன் சட்டையிலும் நாத்தனார் புடவைத் தலைப்பிலும் வட்டமான மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினாள். ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டியைக் கழுத்தில் மாட்டி, இயர்ஃபோனைக் காதில் செருகிக்கொள்ளச் சொன்னாள். அவள் சட்டைக் காலரில் மைக் இருக்கும். மெல்லப் பேசினாலும் அத்தனை பேர் காதிலும் கேட்கும். அரண்மனைக்குள் சத்தம் போட்டால் நிர்வாகத்துக்குப் பிடிக்காது.

“ரெண்டு காதுலயும் மாட்டிக்கங்க. தரை வழுவழுன்னு இருக்கும், செருப்புக்கு மேல இந்தத் துணி உறையைப் போட்டுக்கங்க. குடையை மட்டும் பாத்துக்கிட்டே வாங்க. நாம தொலைஞ்சு போக மாட்டோம்.”

கூட்டத்தில் ஒரு புதுக் கல்யாண ஜோடி இருந்தது. அவர்கள் குடையையும் பார்க்கவில்லை, அரண்மனையையும் பார்க்கவில்லை. இன்னொருவர் வைக்கோல் தொப்பிக்காரர். எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருத்தர் வருவார், எல்லாவற்றையும் கேட்பார். மற்றவர்களைப் பற்றி நமக்குக் கவலை வேண்டாம்.

சிம்மாசன மண்டபத்துக்குப் போனதும் எல்லாரும் தலையைத் தூக்கி வாயைப் பிளந்தார்கள். அந்த மண்டபம் அதற்காகக் கட்டப்பட்டதுதான்.

“நம்ம ராஜா தினமும் காலையில இங்கதான் உக்காருவார்” என்று கைடம்மா ஆரம்பித்தாள். “அவர் கண்ணை மட்டும் யாரும் நேரா பாக்கக் கூடாது. அதனால தரையில கறுப்புக் கல்லுல ஒரு கோடு போட்டிருக்காங்க பாருங்க. பேசறவங்க இந்தக் கோட்டைப் பாத்துத்தான் பேசணும்.”

இங்கேதான் நடந்தது அந்த அசம்பாவிதம்.

இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று தெரியாது. நாத்தனார் தம்பி காதில் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டார். மண்டபம் முழுக்க எதிரொலித்தது.

“அப்ப அவகிட்ட நீ இன்னும் வாயே தொறக்கலையா?”

எல்லாரும் திரும்பினார்கள். பாக்கலாம் கையைக் காட்டி அடக்கப் பார்த்தான். நாத்தனார் அதைக் கவனிக்கவில்லை.

“சொல்லிடுடா. நாம முதல்ல போயிடுவோம். அவ பின்னாடி மெதுவா வரட்டும். வரலைன்னா இங்கயே இருக்கட்டும், அவ இஷ்டம். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தலையே!”

நாம. தினமும் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அவள் கொடுக்கிற வார்த்தை. அவளை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு, அவள் மண்டபத்திலேயே, அவள் கொடுத்த இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு சொல்லிவிட்டார்கள்.

வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் மைக் காலரில் இருக்கிறது, மூச்சு விட்டால்கூடக் கேட்கும்.

“மேல தொங்கற விளக்குகளைப் பாருங்க” என்றாள். “ஒவ்வொண்ணும் கப்பல்ல வந்தது.”

தொப்பிக்காரர் கை தூக்கினார். “அந்தம்மா என்ன சொல்லச் சொல்றாங்க?”

“அது அரண்மனை சம்பந்தப்பட்டது இல்லை சார்.”

“ஓ” என்றார், ஏமாற்றமாக.

பாக்கலாம் தரையில் இருந்த கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ராஜா காலத்தில் பிறந்திருந்தால் நல்ல பேர் வாங்கியிருப்பான்.

அடுத்தது ராணி மாளிகை. தாழ்வான கூரை, வரிசையாக ஜன்னல்கள், நடுவில் ஒரு குளிர்ந்த முற்றம். கைடம்மாவுக்குப் பிடித்த இடம். இங்கே அவள் சொல்கிற கதையும் அவளுக்குப் பிடித்தது. அன்றைக்கு அதைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். ஒரு ரூம் விடாமல் பார்க்க வேண்டும் என்று வந்தவர் பக்கத்திலேயே நிற்கிறார். சொன்னாள்.

“நம்ம ராஜா திடீர்னு ஒரு நாள் தலைநகரத்தை வேற ஊருக்கு மாத்தினார். ஆத்தங்கரை, வியாபாரம், பாதுகாப்புன்னு ஆயிரம் காரணம். படை போச்சு, கஜானா போச்சு, மந்திரிங்க போனாங்க. ராணி மட்டும் போகலை. கடைசி வரைக்கும் இந்த மாளிகையிலயே இருந்தாங்க. ஊர் வழக்கெல்லாம் இந்த ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்து தீர்த்து வெச்சாங்க.”

“ஏன் போகலை?” தொப்பிக்காரர்.

தினமும் யாராவது கேட்கிற கேள்விதான். தினமும் சொல்கிற பதிலும் உண்டு: காரணம் சரியாகத் தெரியவில்லை, கல்வெட்டிலும் இல்லை. அன்றைக்கு நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

“அவங்களை யாரும் கேக்கலை சார். எல்லாம் முடிவாகி, வண்டி கட்டின பிறகுதான் அவங்களுக்கே தெரிஞ்சுது.”

ஒரு கை உயர்ந்தது. பாக்கலாம் கை. பள்ளிக்கூடத்தில்கூட அவன் கை தூக்கியதில்லை என்று பிற்பாடு அவனே சொல்லியிருக்கிறான்.

“கேளுங்க சார்” என்றாள் கைடம்மா. புருஷனை அவள் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“ராஜாவுக்குக் கேக்கணும்னு இருந்திருக்கலாம் இல்லையா?”

“இருந்திருக்கலாம். கேக்கலையே.”

“வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்திருப்பார்.”

“ராஜாவுக்கு என்ன சார் பயம்?”

“ராஜான்னா பயம் இருக்காதா? ஒரு பக்கம் இவங்க. இன்னொரு பக்கம்…” ராஜாவின் இன்னொரு பக்கத்தில் யார் என்று அவனுக்குச் சட்டென்று தோன்றவில்லை. “மந்திரி. சின்ன வயசுலேர்ந்து தூக்கி வளத்த மந்திரி. அவர் வான்னு கூப்பிடறப்ப எப்படி மாட்டேன்னு சொல்றது?”

“அதுக்கு? ராணிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா? மந்திரி வாயால மண்டபத்துல எல்லாருக்கும் முன்னாடி தெரிஞ்சுக்கணுமா அவங்க?”

கூட்டம் இவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. புதுக் கல்யாண ஜோடிகூடப் பார்த்தது. நாத்தனார் மந்திரி யார் என்று புரிந்துகொண்டு புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நீங்க ஹிஸ்டரி வாத்தியாரா?” என்று தொப்பிக்காரர் மரியாதையாகக் கேட்டார்.

“இல்லைங்க. கண்ணாடிக் கடை.”

“கேட்டிருந்தா ராணி போயிருப்பாங்களாம்மா?” தொப்பிக்காரர் விடுவதாக இல்லை.

  போக மாட்டேன் என்று ராத்திரி முழுக்க நெஞ்சுக்குள் சண்டை போட்டவள்தான் கைடம்மா. ஆனால் அவன் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, ‘வர்றியா?’ என்று ஒரு தடவை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“கேட்டாத்தானே சார் தெரியும்” என்றாள். “நாம அடுத்து மேல்தளத்துக்குப் போறோம். படி குறுகலா இருக்கும். ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஏறுங்க.”

மேல்தளத்துக்குப் போகிற படி ஒரு சுழல் படி. வெளிச்சம் குறைவு. அந்தப் படியில் மட்டும் கைடம்மா முன்னால் போக மாட்டாள், கடைசியாகத்தான் ஏறுவாள். எல்லார் காலையும் பார்த்துக்கொண்டே வருவாள். யாருக்கு முட்டி வலி, யாருக்குத் தலை சுற்றும் என்பதெல்லாம் அவளுக்குக் காலைப் பார்த்தால் தெரியும். விழுந்தால் அவள்தானே பதில் சொல்ல வேண்டும்?

அவளுக்கு முன்னால் நாத்தனார் ஏறினார்.

கால் சரியாகத்தான் போனது. கை சரியில்லை. இடது கை சுவரைத் தடவிக்கொண்டே போனது. வளைவில் ஒரு மரக் கைப்பிடி துருத்திக்கொண்டிருக்கும், எல்லாரும் உடம்பை ஒதுக்கிக்கொண்டு போவார்கள். நாத்தனார் ஒதுங்கவில்லை. தோள் நேராக அதில் போய் இடித்தது. “ஸ்…” என்று தேய்த்துக்கொண்டார். இடித்தது எது என்று பார்க்கத் தலையை முழுசாக அந்தப் பக்கம் திருப்பினார். படி முடிகிற இடத்தில் ஓரமாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த புது மாப்பிள்ளை மேல் போய் மோதினார்.

“சாரிப்பா. நீ நிக்கறதைப் பாக்கலை.”

அவன் ஒன்றும் ஒல்லியான பையன் இல்லை. நன்றாகவே தெரிகிற ஆள்.

கைடம்மா மைக்கை அணைத்தாள்.

மேல்தளம் பெரிய திறந்த வெளி. ராஜா இங்கே வந்து நின்றால் கீழே ஊர் மொத்தமும் தெரியும். கூட்டம் கைப்பிடிச் சுவர் பக்கம் ஓடியது. புது ஜோடி பாக்கலாமைப் பிடித்து, போட்டோ எடுத்துக் கொடுக்கச் சொன்னது. அவன் ஒரு கண்ணை மூடி, முட்டி போட்டு, ரொம்ப சிரத்தையாக எடுக்க ஆரம்பித்தான். மனைவி முகத்தையும் அக்கா முகத்தையும் பார்க்காமல் இருக்க ஒரு வேலை கிடைத்ததே என்ற சந்தோஷம்.

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்தார். பார்த்த விதம் வேறு மாதிரி இருந்தது. மற்றவர்கள் ஒரு பார்வையில் எடுத்துக்கொண்டதை அவர் துண்டு துண்டாகப் பார்த்தார். கொஞ்சம் பார்ப்பார், தலையைக் கொஞ்சம் திருப்புவார், மறுபடி பார்ப்பார்.

“அதோ நம்ம தெரு” என்றார். “அதோ கடை. போர்டு மாத்தியிருக்கான் போல.”

“அக்கா, உங்களுக்கு ஓரம் தெரியலையா?”

சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். நாத்தனார் திரும்பவில்லை.

“எப்படிக் கண்டுபிடிச்சே?”

“படியில.”

“அவன் கண்டுபிடிக்கலை பாத்தியா. கண்ணாடிக் கடை வெச்சிருக்கான், கண்ணைத் தவிர எல்லாத்தையும் பாப்பான்.” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “ரெண்டு வருஷமா இருக்கு. கண்ணுக்குள்ள பிரஷராம். நேரா இருக்கறது தெரியுது. சுத்தி இருக்கறது போயிடுச்சு. சாவித் துவாரத்துல பாக்கற மாதிரி இருக்குன்னு வெச்சுக்கோயேன். இன்னும் சுருங்குமாம்.”

“டாக்டர்?”

“மூணு பேரைப் பாத்தாச்சு. சொட்டு மருந்து, ஆபரேஷன் எல்லாம் ஆச்சு. இருக்கறதைக் கொஞ்ச நாள் காப்பாத்தலாம், போனது வராதாம். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறேன் நான். என் கண்ணுக்குக் கண்ணாடியே கிடையாதாம்.”

 காலையில் இவர் ‘இன்னைக்கே, எல்லாத்தையும், ஒரு ரூமு விடாம’ என்று பிடிவாதம் பிடித்தபோது, அதிகாரத்தைப் பார் என்று கைடம்மா மனசுக்குள் முணுமுணுத்திருந்தாள்.

“அவர்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா அடுத்த பிளைட்ல ஏறிடுவான். பரிதாபப்பட்டு வர்ற தம்பி எனக்கு வேண்டாம். கடைக்காக வரட்டும். பெரிய ஊருன்னு ஆசைப்பட்டு வரட்டும். என் கண்ணுக்காக வரக் கூடாது.”

“நீங்க இங்க வந்துடலாமே அக்கா. நாம ஒண்ணா இருக்கலாமே.”

வாய் தவறி வந்ததா, மனசிலிருந்து வந்ததா என்று அவளுக்கே தெரியாது. நாத்தனார் இப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார்.

“அங்க என் வீட்டுப் படி, கடை, ரோடு, கிராஸிங் எல்லாம் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கிட்டு நடப்பேன். நாளைக்கு அப்படித்தானே நடக்கணும்? இங்க உன் வீட்டு வாசப்படியே தடுக்குது. பிறந்த ஊருதான். ஆனா பழக்கம் விட்டுப்போச்சு.” அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார். “மண்டபத்துல நான் பேசினது உனக்குக் கேட்டுது இல்லை?”

“எல்லாருக்குமே கேட்டுதுக்கா.”

“தப்புதான். உன்னை விட்டுட்டுக் கிளம்பணும்னு எனக்கு ஆசையா? நீ இந்த இடத்தை விட்டு வர மாட்டேன்னு நானே முடிவு பண்ணிட்டேன். கேட்டு, நீ முடியாதுன்னு சொன்னா அவனும் வர மாட்டானே, அந்தப் பயம்.” பிடி இறுகியது. “நீ சொல்லக் கூடாது. என் மேல சத்தியமா சொல்லக் கூடாது.”

கைடம்மா சத்தியம் செய்வதற்குள் பாக்கலாம் வந்துவிட்டான்.

முகம் சிவந்திருந்தது. போட்டோ எடுத்துவிட்டு வருகிறவன் மாதிரி இல்லை, எங்கேயோ போய் யாரையோ ஜெயித்துவிட்டு வருகிறவன் மாதிரி இருந்தான். இயர்ஃபோனைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தான்.

“அக்கா. நல்லா யோசிச்சிட்டேன். நாங்க வரலை.”

ஆயுசிலேயே அவன் எடுத்த முதல் முடிவு இதுவாகத்தான் இருக்கும்.

நாங்க. அவனும் அவளும். காலையில் இருந்து அவள் ஏங்கிக் கிடந்த இடத்தில் அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டான். இதையும் அவளைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையை எழுத என்னால் முடியாது. குடை, மண்டபம், ராணி மாளிகை, எல்லாம் மறுபடி அவளுடையது ஆகிவிட்டது. நெஞ்சு லேசாகிவிட்டது. அந்த நேரத்தில் மணிக்கட்டில் நாத்தனாரின் விரல்கள் இருந்தன. அவை நடுங்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“சரிடா” என்றார் நாத்தனார். குரல் தெளிவாக இருந்தது. “அதனால என்ன? கடைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். உனக்கு எது நல்லதோ அதைச் செய்.”

“கோபமா அக்கா?”

“சீ, போடா. உன்கிட்ட எனக்கென்ன கோபம்.”

பாக்கலாம் பெருமூச்சு விட்டான். பிறகு மனைவியைப் பார்த்துச் சிரித்தான். எத்தனையோ நாள் கழித்து அவளை நேராகப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. “என்ன, சந்தோஷம்தானே?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். சொல்லாதே என்று அக்காவே கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கிறார், சொல்லாமல் இருந்தால் மரியாதைகூட. மூன்று நாளில் அக்கா விமானம் ஏறிவிடுவார். ஊர் பழையபடி இருக்கும்.

“என்னங்க” என்றாள் கைடம்மா. “அக்கா கண்ணை ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க.”

மணிக்கட்டைப் பிடித்திருந்த கை விலகியது.

“அக்கா கண்ணையா?” பாக்கலாம் சிரித்தான். “மூணு கடை வெச்சிருக்காங்க, அவங்களுக்கு நான் டெஸ்ட் பண்ணணுமா?”

“பண்ணுங்க. இப்பவே.”

“இங்கயா? மெஷின் இல்லாம எப்படி?”

 அவன் அவள் முகத்தைப் பார்த்தான், அக்கா முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அடங்கியது.

“வேண்டாம்டா” என்றார் நாத்தனார். “இவளுக்கு வேற வேலை இல்லை. வா, கீழ போகலாம்.”

“சும்மா நில்லுக்கா.”

அப்படி அதட்டி அவன் பேசி அவர் கேட்டதில்லை. நின்றார்.

அவன் அக்காவுக்கு எதிரில் வந்து நின்றான். கடையில் தினமும் செய்கிற வேலைதான், கை தானாகச் செய்தது. “என் மூக்கையே பாரு. வேற எங்கயும் பாக்காதே. பக்கத்துலேர்ந்து விரலைக் கொண்டுவருவேன். எப்ப விரல் தெரியுதோ அப்ப சொல்லு.”

கூட்டம் கீழே இறங்கத் தயாராகி, கைடம்மாவின் குடை எப்போது உயரும் என்று காத்திருந்தது. குடை உயரவில்லை.

பாக்கலாம் இடது கையை நீட்டி, அக்காவின் காதுக்குப் பின்னாலிருந்து ஒற்றை விரலை மெதுவாக முன்னால் கொண்டுவந்தான். விரல் காதைத் தாண்டியது.

“சொல்லுக்கா.”

விரல் கன்னத்துக்கு நேராக வந்தது. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் எப்போதோ சொல்லியிருப்பார்கள். அவன் கை அங்கேயே கொஞ்சம் நின்றது, பிறகு இன்னும் மெதுவாக நகர்ந்தது.

“அக்கா, சொல்லு.”

நாத்தனார் தம்பியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் ஓரத்தைத் தாண்டி முன்பக்கமே விரல் வந்துவிட்டது. அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.